நாற்பது வரைக்கும்

மாமியாரை ஸ்கேன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, அதற்குள் பூங்கொடி சுவர்க் கடிகாரத்தை ஒன்பது தடவை பார்த்துவிட்டாள். ஒன்பது என்று எப்படித் தெரியும் என்றால், எண்ணினாள். எதைக் கண்டாலும் எண்ணிவிடும் வாய் அவளுக்கு. அம்பத்தூரில் ஒரு சட்டைக் கம்பெனியில் பதினோரு வருஷமாகச் செக்கிங் வேலை. தைத்து வந்த காலர்களை அடுக்கி, கட்டைவிரலால் ஓரத்தைத் தட்டித் தட்டி, இருபத்தைந்து ஒரு கட்டு என்று எண்ணிப் போட வேண்டும். பக்கத்தில் நிற்பவளிடம் சினிமாக் கதை பேசிக்கொண்டே எண்ணுவாள், ஒன்று கூடக் குறையாது. லைனில் அவள் வேகத்துக்கு ஆள் கிடையாது என்று சூப்பர்வைசரே சொல்லியிருக்கிறார், அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அபூர்வம். அந்த வாய்தான், அந்தப் பெருமைப்பட்ட வாய்தான், இப்போது இந்த ஆஸ்பத்திரியின் ஜில்லென்ற இரும்பு பெஞ்சில் அவளைக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறது. உள்ளே பச்சையம்மாள் கையிரண்டையும் தலைக்கு மேல் தூக்கிப் படுத்திருப்பாள். மூச்சை இழு, பிடி, பிடி என்பார்கள். இருபது நொடி பிடிக்க வேண்டும். பிடிக்க மாட்டாள் என்பது இந்தக் கட்டடத்திலேயே ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும், அந்த ஒருத்தி இங்கே ஹேண்ட்பேக்கின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறாள்.

இருபதே இருபது நொடி. கேட்டால் சின்ன விஷயம்தான். கதிர்வீச்சு டாக்டரம்மா அன்றைக்கு ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். இடது பக்க நுரையீரலின் அடியில் கட்டி, அதை ஒட்டினாற்போல் இதயம், ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு குடித்தனம் அந்தப் பக்கம் ஒரு குடித்தனம் மாதிரி. கட்டிக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கும்போது இதயத்துக்கும் கொஞ்சம் போய்விடும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துப் பிடித்தால் நுரையீரல் உப்பும், இதயம் கீழே இறங்கி ஒதுங்கி நிற்கும், அந்த நேரத்தில் மட்டும் கரண்ட் வைத்தால் இதயத்துக்குப் பெரிய சேதம் இல்லை. ஏற்கெனவே பிரஷர் இருக்கு, எக்கோவிலும் பம்பிங் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கு, அதனால இவங்களுக்கு இது முக்கியம் என்று டாக்டரம்மா பேனாவால் இதயத்தைச் சுற்றி இரண்டு வட்டம் போட்டார். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று பூங்கொடியின் புருஷன் தேவேந்திரன் கேட்டதற்கு, உடனே ஒன்றும் தெரியாது, சில பேருக்குச் சில வருஷம் கழித்து, ஐந்தோ பத்தோ, இதயத்தில் கோளாறு காட்டும் என்றார். அப்போது பூங்கொடிக்குள் ஒன்று ஓடியது. பத்து வருஷமா, அதுவரைக்கும் இந்தம்மா இருக்கப்போகுதா என்று ஓடியது. ஒரு நொடிகூட இருக்காது அந்த நினைப்பு. யாரும் கேட்கவில்லை, அவள் முகம்கூட மாறியிருக்காது. ஆனால் ஓடியது ஓடியதுதான். அதை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. நினைக்காமல் இருக்கலாம் என்றால், நினைக்காதே என்று சொல்லிக்கொள்வதற்கே அதை ஒரு தடவை நினைக்க வேண்டியிருக்கிறது.

அந்தம்மாவுக்கு நெஞ்சில் ஈரமே கிடையாது என்று தன் அம்மாவிடம் போனில் எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அதை எண்ணவில்லை. கல்யாணமான புதிதில் குழம்பில் புளி அதிகம் என்று பாத்திரத்தோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டியவள், பூங்கொடி வேலைக்குப் போகிறேன் என்றபோது ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசாதவள். பச்சையம்மாளும் சும்மா இருந்த ஜென்மம் இல்லை. செய்யாறு பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் சத்துணவு சமைத்தவள். விறகடுப்பு, தகரக் கூரை, ஒரே ஒரு ஜன்னல். வீட்டில் யாராவது பீடி சிகரெட் பிடிப்பார்களா என்று டாக்டர் கேட்டபோது, எங்க வீட்ல அடுப்பு ஒண்ணுதாம்மா பொகைக்கும் என்றாள், டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அன்றைக்கு ஸ்கேன் படத்தில் டாக்டர் இதயத்தைக் காட்டினார். சாம்பல் நிறத்தில், நினைத்ததைவிடப் பெரிதாக, ஒரு பக்கம் சாய்ந்து இருந்தது. பூங்கொடிக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இல்லை இல்லை என்று பதினான்கு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒன்று, இதோ இருக்கிறது பார் என்று காட்டிய மாதிரி. திரும்பி மாமியாரைப் பார்த்தாள். பச்சையம்மாள் படத்தைப் பார்க்கவில்லை, டாக்டரம்மாவின் கைக்கடிகாரம் அழகாக இருக்கிறது என்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் பழகிவிட்டு வாருங்கள் என்று அனுப்பினார்கள். காலையில் பத்து தடவை, சாயங்காலம் பத்து தடவை. தேவேந்திரனுக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் வேலை, ஒரு வாரம் பகல் ஒரு வாரம் ராத்திரி, அதனால் எண்ணுகிற பொறுப்பு மருமகள் தலையில் விழுந்தது. முதல் நாள் போனில் நொடி ஓட விட்டுத்தான் பார்த்தாள். பதினொன்றில் பச்சையம்மாளுக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. இன்னும் ஒரு தடவை, பத்து. முகம் செத்துப்போயிற்று. இந்தப் பொட்டி எண்ணினா எனக்கு மூச்சு நிக்கமாட்டேங்குது, நீ வாயால எண்ணு, அப்பத்தான் எனக்கு ஒரு தெம்பு என்றாள். சரி என்று பூங்கொடி எண்ணினாள். அடுப்பில் தோசை, பக்கத்து அடுப்பில் குக்கர், ஏழு பத்துக்குத் தெருமுனையில் கம்பெனி வேன். வேன் போய்விட்டால் ஷேர் ஆட்டோ பிடித்துப் போவதற்குள் கேட்டைச் சாத்திவிடுவார்கள், அரை நாள் போச்சு. தோசையைத் திருப்பிக்கொண்டே எண்ணினாள். அது காலர் எண்ணுகிற எண்ணிக்கை, ஒண்ணுரெண்டுமூணுநாலு என்று ஒரே மூச்சில் ஓடுகிற எண்ணிக்கை. இருபது தாண்டியது, முப்பது தாண்டியது, நாற்பதில் பச்சையம்மாள் புஸ்ஸென்று மூச்சை விட்டு எழுந்து உட்கார்ந்தாள். நாப்பதா என்றாள். நாப்பதுதான் என்றாள் பூங்கொடி. அந்தக் கிழட்டு முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை. தெரியாமல் செய்த தப்பு என்று அந்த ஒரு நாளை மட்டும் ஒதுக்கிக்கொள்ளலாம். தோசையும் கருகிக்கொண்டிருந்தது, யோசிக்க நேரமில்லை, ஒத்துக்கொள்ளலாம்.

ஆனால் நான்காம் நாள் தெரிந்துவிட்டதே. என்னவோ சந்தேகம் தட்டி, போனைக் கைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு நொடியை ஓட விட்டு எண்ணிப் பார்த்தாள். அவள் வாய் நாற்பது சொன்னபோது போன் பதிமூன்று காட்டியது. பதிமூன்று. போனைக் கவிழ்த்து அரிசி டப்பாவின் மேல் வைத்தாள். மாமியாரைப் பார்த்தாள். பச்சையம்மாள் நெஞ்சைத் தடவிக்கொண்டே, இன்னிக்கும் நாப்பது, டாக்டரு இருவது போதும்னாங்க இல்ல, நான் ரெண்டு மடங்கு பிடிக்கிறேன் என்றாள். அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அத்தே, நான் கொஞ்சம் வேகமா எண்ணிட்டேன், நாளையிலேருந்து பாத்து எண்ணுவோம். பத்து வார்த்தைகூடக் கிடையாது. ஏன் சொல்லவில்லை? மணி ஆறு ஐம்பது, தலை இன்னும் பின்னவில்லை, அது ஒன்று. மெதுவாக எண்ணினால் பத்து தடவைக்கு எத்தனை நிமிஷம் கூடுதலாகும் என்று மனசு தன் பாட்டில் கணக்குப் போட்டது, அது இன்னொன்று. மூன்றாவதும் ஒன்று உண்டு. முந்தின சாயங்காலம் பச்சையம்மாள் தன் நாத்தனாரிடம் போனில் பேசியதைச் சமையலறையிலிருந்து கேட்டிருந்தாள். என் மருமவ எண்ணினாத்தான் எனக்கு மூச்சே நிக்குது, அவ குரல்ல அப்படி என்னாவோ இருக்குது என்றாள் பச்சையம்மாள். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு நல்ல வார்த்தை. அதைப் போய் யார் தன் கையாலேயே கெடுத்துக்கொள்வார்கள்? இப்படி ஒன்று, இரண்டு, மூன்று என்று காரணங்களை எண்ணுவதும் அதே வாய்தான், இதிலும் வேகத்துக்குக் குறைச்சல் இல்லை.

போன முறை இதே அறையில்தான் குட்டு வெளிப்பட்டிருக்க வேண்டும். ஸ்கேன் எடுக்கும் ஹெலன் என்கிற பெண் பச்சையம்மாளைப் படுக்க வைத்து, வயிற்றின் மேல் மூச்சை அளக்கும் சின்னப் பெட்டி ஒன்றை வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறாள். பதினொன்றுக்கு மேல் நிற்கவில்லை. நாலு தடவை பார்த்திருக்கிறாள், நாலு தடவையும் பத்து, பதினொன்று. வெளியே வந்து, வீட்ல நாப்பது பிடிப்பேன்னு சொன்னாங்களே என்று பூங்கொடியிடம் கேட்டாள். பூங்கொடி வாயைத் திறப்பதற்குள் பச்சையம்மாளே முந்திக்கொண்டு, அங்க குளுருதும்மா, ஆம்பளைங்க வேற நடமாடுறாங்க, எனக்குக் கூச்சமாயிட்டுது என்று சொல்லிவிட்டாள். திருடன் கையில் சாவியைக் கொடுத்த மாதிரி ஆயிற்று. டாக்டரம்மா பத்து நாள் அவகாசம் கொடுத்தார். அன்றைக்கும் முடியவில்லை என்றால் சாதாரண மூச்சிலேயே கரண்ட் வைத்துவிடலாம், கட்டி இருக்கும்போது தள்ளிப்போட முடியாது, இதயத்துக்குப் போகிறது போகட்டும் என்றார். போகட்டும் என்று அவர் சொல்லவில்லை, வேறு நல்ல வார்த்தையில்தான் சொன்னார். பூங்கொடிக்கு அப்படித்தான் கேட்டது. ஆட்டோவில் திரும்பி வந்தார்கள். வீட்டு வாசலில் இறங்கியதும், உன் பேரைக் கெடுத்துட்டேன் இல்ல என்றாள் பச்சையம்மாள். என்ன பேர்? யார் பேர்? அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. யாரும் கேட்கவில்லை, எனக்குப் பசிக்கவில்லை என்று தானே சொல்லிக்கொண்டு தட்டைக் கழுவினாள்.

பிறகு செய்ததுதான் எல்லாவற்றையும் விட மோசம். உண்மையைச் சொல்லாமலே சரி செய்துவிடலாம் என்று ஒரு புத்தி வந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எண்ணும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தால் போதும், யாருக்கும் தெரியாது, ஒரு வாரத்தில் எண்ணிக்கையும் நொடியும் ஒன்றாகிவிடும், மூச்சும் பழகிவிடும். கெட்டிக்காரி. முதல் நாள் முப்பத்தாறில் பச்சையம்மாள் மூச்சை விட்டாள். மறுநாள் முப்பத்தொன்று. அதற்கு மறுநாள் இருபத்தேழு. எவ்வளவு என்று கேட்பாள், பூங்கொடி சொல்லுவாள், அவள் சரி என்று சொல்லிப் புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடுவாள். இருபத்துமூன்று வந்த அன்றைக்குக் காலையில், பூங்கொடி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது, இங்க கொஞ்சம் வாம்மா என்று பச்சையம்மாள் கூப்பிட்டாள். இடுப்பிலிருந்த சாவியை எடுத்துக் கையில் வைத்தாள். டிரங்குப் பெட்டியின் அடியில் அரக்குக் கலர்ப் புடவை ஒன்று இருக்கிறது, சத்துணவு வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ஸ்கூலில் கொடுத்தது, கடைசியில் அதைத்தான் கட்ட வேண்டும், கண்ட புடவையைச் சுற்றி அனுப்பிவிடாதே என்றாள். எம் புள்ளகிட்ட சொல்லாத, பயந்துக்குவான் என்றாள். என்ன அத்தே இது காலங்காத்தால என்று சிரித்து, சாவியைத் திருப்பிக் கொடுத்து, பூங்கொடி ஓடிப்போய் வேன் ஏறினாள். ஜன்னலோரம் இடம்கூடக் கிடைத்தது. பாடி மேம்பாலத்தில் வண்டி ஏறும்போதுதான் உறைத்தது. நாற்பது, முப்பத்தாறு, முப்பத்தொன்று. அவள் குறைத்தது எண்ணுகிற வேகத்தை. அந்தம்மா கணக்கில் குறைந்தது மூச்சு. தினம் காலையில் தோசைக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நாலு நாலாக ஒரு மனுஷியின் ஆயுசைக் குறைத்துச் சொல்லியிருக்கிறாள். அன்றைக்குக் கம்பெனியில் காலர் கட்டில் இருபத்தாறு போட்டு அனுப்பிவிட்டாள், பதினோரு வருஷத்தில் முதல் தப்பு.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். மறுநாள் காலையில் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் எழுந்தாள், பல் விளக்கும்போதுகூட வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். பச்சையம்மாள் பாயில் படுத்துக் கையைத் தூக்கியபோது தோள் எலும்பு இரண்டும் துருத்திக்கொண்டு தெரிந்தன. அந்த எலும்பைப் பார்த்துக்கொண்டே வாய் பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டது. ஒண்ணுரெண்டுமூணுநாலு. நாற்பது. பச்சையம்மாள் கண்ணைத் திறந்து, மருமகள் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். நாப்பதா என்றாள். நாப்பது அத்தே, நேத்து வாயுவா இருந்திருக்கும். இருக்கும் இருக்கும் என்றாள். அதற்கப்புறம் இன்று வரைக்கும் தினமும் நாற்பதுதான். நாற்பது என்றதும் சந்தோஷப்பட்டாளா என்று இப்போது யோசித்துப் பார்த்தால் சொல்லத் தெரியவில்லை. சிரித்தாள், அது உண்மை. ஆனால் முதல் நாள் சிரிப்பு இல்லை அது. ஒரு சின்னப் பிள்ளை வரைந்து கொண்டுவந்த படத்தைப் பார்த்து நாம் சிரிப்போமே, அந்த மாதிரி. ஏன் அந்த மாதிரி? பூங்கொடி ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். கதவுக்கு மேல் சிவப்பு விளக்கு எரியவில்லை, அப்படியென்றால் இன்னும் ஸ்கேன் ஆரம்பிக்கவில்லை, பழக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்னும் முடியாமல் போகவில்லை. மாரியாத்தா, ஒரே ஒரு தடவை இருபது நிற்கட்டும். வேண்டிக்கொள்ளும்போதே வெட்கமாக இருந்தது. இருபது என்பது சாமி தருகிற கணக்கா? தான் பத்து நாளாகத் தந்திருக்க வேண்டிய கணக்கு.

கதவு திறந்தது. ஹெலன் தலையை மட்டும் நீட்டி, பச்சையம்மாள் கூட வந்தவங்க என்று கூப்பிட்டாள். பூங்கொடி ஜிப்பை மூடிவிட்டு எழுந்தாள். பதினைந்தில் நிற்கிறது, அதற்கு மேல் போகவில்லை என்றாள் ஹெலன். மிஷின் குரலுக்கெல்லாம் எனக்கு வராது, என் மருமகள் எண்ணினால்தான் வரும் என்று பாட்டி ஒரே பிடிவாதம், டாக்டரிடம் கேட்டேன், பழக்கும்போது பேசட்டும் என்றார்கள், வாங்க, மைக்கில் நீங்க எண்ணுங்க. பூங்கொடி அவள் பின்னால் நடந்தாள். சின்ன அறை, பெரிய கண்ணாடி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷினின் வட்ட வாயில் பச்சையம்மாள் மல்லாந்து கிடந்தாள். ஆஸ்பத்திரி நீலச் சட்டை, தலைக்கு மேல் தூக்கிய கை, வயிற்றின் மேல் பெட்டி. ஒரு திரையில் அவள் மூச்சு கோடாக ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. மேலே இரண்டு பச்சைக் கோடுகள். அந்த இரண்டுக்கும் நடுவில் மூச்சுக் கோடு இருபது நொடி நிற்க வேண்டும், ஓரத்தில் நொடி ஓடும், இந்தப் பட்டனை அழுத்திக்கொண்டு பேசுங்க என்று ஹெலன் காட்டினாள். பூங்கொடி அழுத்தினாள். அத்தே, நான்தான் என்றாள். வந்துட்டியா, எண்ணு என்றது ஸ்பீக்கர். மூச்சுக் கோடு ஏறி இரண்டு பச்சைக்கும் நடுவில் போய் நின்றது. வாய் தன்னால் ஓடிற்று, வழக்கம்போல. நாற்பது சொன்னதும் கோடு சரிந்தது. சொல்லி வைத்த மாதிரி நாற்பதில் சரிந்தது. ஹெலனுக்கு ஒரே ஆச்சரியம். பரவாயில்லையே, பதினெட்டு வந்துடுச்சு, நீங்க இன்னொரு பத்து சேர்த்து ஐம்பது வரைக்கும் எண்ணுங்க, வேகமா எண்ணினா என்ன மெதுவா எண்ணினா என்ன, நமக்கு நின்னா போதும் என்றாள்.

பதினெட்டா. பதினெட்டு எப்படி வந்தது? பதிமூன்றுதானே இருந்தது. அப்போதுதான் தெரிந்தது, பயத்தில் இன்றைக்கு வாயும் கொஞ்சம் தடுமாறி மெதுவாக எண்ணியிருக்கிறது, அந்தம்மாவும் அதற்கேற்ற மாதிரி பிடித்திருக்கிறாள். ஐம்பது வரைக்கும் எண்ணினால் முடிந்தது வேலை. யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம். கட்டிக்குக் கட்டி, இதயத்துக்கு இதயம், பூங்கொடிக்குப் பூங்கொடி, எல்லாரும் தப்பித்துக்கொள்ளலாம். மனசு எவ்வளவு சுருக்காக அந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அதற்குள் ஸ்பீக்கரில் குரல் வந்தது. எவ்வளவும்மா வந்துச்சு என்று பச்சையம்மாள் கேட்டாள். பதினெட்டு பாட்டி, இன்னும் ரெண்டே ரெண்டு என்று ஹெலன் சொல்லிவிட்டாள்.  மூச்சுக் கோடு சின்னச் சின்னதாக ஏறி இறங்கியது.

"பதினெட்டா. சரி. எழுப்பி விட்டுடும்மா, போதும். எனக்குத் தெரியும், தினத்துக்கும் கொறஞ்சிகிட்டேதான் வருது. இருவத்தி மூணுக்கு வந்துச்சு, இப்ப பதினெட்டு. இந்தப் பொண்ணு பாவம், நான் மனசு ஒடிஞ்சிடுவேன்னு நாலஞ்சு நாளா ஓட்டி ஓட்டி நாப்பதுன்னு எண்ணுது. எனக்குத் தெரியாதா என்னா. அவள ஒண்ணும் சொல்லாதீங்க."

பாவம் என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பாள். இந்த மனுஷி, சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, சாவியை எடுத்து நீட்டிவிட்டு, அதற்கப்புறமும் தினம் காலையில் பாயில் படுத்துக் கையைத் தூக்கி, மருமகள் சந்தோஷத்துக்காக நாற்பது வரைக்கும் மூச்சைப் பிடித்துக் காட்டியிருக்கிறாள். அந்தச் சிரிப்பு அதற்குத்தான். அதுவும் யாருக்கு? வேனுக்கு நேரமாகிறது என்று எண்ணியவளுக்கு. பூங்கொடிக்கு அழுகை வரவில்லை, வந்திருந்தால் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். ஹெலன் அவளைப் பார்த்தாள். பூங்கொடி பட்டனை அழுத்தினாள். விரல் நுனி வெளுத்துப்போகிற அளவுக்கு அழுத்தினாள்.

"அத்தே. நாலஞ்சு நாளா இல்ல. மொத நாள்லேருந்தே வேகமாத்தான் எண்ணினேன். பாவம் பாத்து இல்ல. வேனுக்கு நேரமாவுதுன்னு."

பட்டனை விடாமலே தொடர்ந்தாள்.

"மொத வாரம் நாப்பதுன்னு சொன்னது நாப்பது இல்ல. பதினொண்ணு, பதிமூணு. அதுக்கப்புறம் மெதுவா எண்ணப் பாத்தேன், நீங்க மூச்சு கொறையுதுன்னு நெனச்சிட்டீங்க. அப்பவும் நான் சொல்லல."

சொல்லி முடித்ததும் பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சையம்மாள் மேலே பார்த்தபடியே கிடந்தாள். முகம் தெரியவில்லை, மோவாய் மட்டும்தான் தெரிந்தது, அந்த மோவாய் ஒரு தடவை அசைந்தது. ஹெலன் என்ன செய்வதென்று தெரியாமல் திரையில் ஏதோ துடைக்கிறாற்போல் துடைத்தாள். இனி வீட்டுக்குப் போனால் என்ன நடக்கும் என்று பூங்கொடி யோசிக்கவில்லை. தேவேந்திரன் முகம், மாமியாரின் நாத்தனார் வீட்டுப் போன், ஊர் முழுக்க ஆகப்போகிற பேச்சு, ஒன்றும் வரவில்லை. மூச்சுக் கோடு ஒன்றுதான் கண்ணில் இருந்தது. அது நின்றுவிடுமோ என்று பயந்தாள்.

"அப்ப மொத மொத பதினொண்ணுதானா நான் பிடிச்சது?"

"ஆமா அத்தே."

"இப்ப பதினெட்டா?"

"பதினெட்டு."

"அப்ப ஏறித்தானே இருக்குது?"

பூங்கொடிக்குப் புரியவே ஒரு கணம் ஆயிற்று. பத்து நாளாகத் தன் தப்பையே சுற்றிச் சுற்றி எண்ணிக்கொண்டிருந்தவளுக்கு இந்தக் கூட்டல் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. பதினொன்று, பதிமூன்று, பதினைந்து, பதினெட்டு. ஏறித்தான் இருக்கிறது. ஆமா அத்தே, ஏறியிருக்கு என்றாள், பட்டனை அழுத்த மறந்து சொன்னாள், மறுபடி அழுத்திச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது, சிரிப்பா அழுகையா என்று ஸ்பீக்கரில் பிரித்துச் சொல்ல முடியாத ஒரு சத்தம். வயிற்றின் மேலிருந்த பெட்டி குலுங்கியது, கோடு கண்டபடி மேலும் கீழும் துள்ளியது, பாட்டி ஆடாதீங்க என்றாள் ஹெலன். பெட்டி அடங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அடிப்பாவி, சாவியக் குடுத்தேனேடி உன் கையில. வீட்டுக்கு வா, உன்ன வெச்சுக்கறேன். இப்ப எண்ணு. ஓடாம எண்ணு."

மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. கோடு ஏறியது, இரண்டு பச்சைக்கும் நடுவில் போய்ப் படுத்துக்கொண்டது. பூங்கொடி திரையின் ஓரத்தில் இருந்த நொடியைப் பார்த்து ஒன்று என்றாள். காத்திருந்தாள். இரண்டு. ஒரு நொடி இத்தனை நீளம் என்று அவளுக்கு முப்பத்தாறு வயசு வரைக்கும் தெரியாது. ஒரு நொடிக்குள் மூன்று காலர் எண்ணுகிறவள், நாக்கை மேலண்ணத்தில் ஒட்டவைத்துக்கொண்டு, அந்த இடைவெளியில் ஒன்றும் செய்யாமல் நின்றாள். எட்டு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தோள் எலும்புகள் துருத்திக்கொண்டு நின்றன. பதினொன்று, இதுதான் முதல் நாள். பதினான்கு. பச்சையம்மாளின் கால் கட்டைவிரல்கள் இரண்டும் விறைத்து ஒன்றையொன்று பற்றிக்கொண்டதைப் பார்த்தாள், தன் மூச்சும் உள்ளே அடைத்துக்கொண்டு நிற்பதை அப்போதுதான் கவனித்தாள். பதினேழு. கோடு லேசாக நடுங்கியது. சீக்கிரம் சொல்லிவிடு, சீக்கிரம் சொல்லி அவளை விட்டுவிடு என்று வாய் அரித்தது. பதினெட்டு. ஹெலன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பத்தொன்பது. இருபது என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள், திரையில் நொடி இன்னும் மாறவில்லை. கோடு நடுங்கிக்கொண்டே நின்றது. பூங்கொடி காத்திருந்தாள்.